பரிசீலனைக்குப் போன பவளக்கொடி

நாணல்திட்டின் பாலம் பரிசீலனைக்குப் போனது ஒரு புதன்கிழமை முற்பகல் பதினொன்று பத்துக்கு. இவ்வளவு துல்லியமாகச் சொல்ல முடிவதற்கு இரண்டு சாட்சிகள் இருந்தன: பாலத்தின் மேல் மீன்கூடையோடு சைக்கிளில் வந்துகொண்டிருந்த சபாபதி, காலடியில் எதுவுமில்லாமல் கொள்ளிடத்துக்குள் விழுந்தபோது நின்றுபோன அவருடைய கைக்கடிகாரம் ஒன்று, அதே நேரத்தில், வெகு தொலைவில் தலைநகரின் சட்டமன்றத்தில் அமைச்சர் எழுந்து, "மாண்புமிகு உறுப்பினர் குறிப்பிட்ட நாணல்திட்டுப் பாலம் அரசின் பரிசீலனையில் உள்ளது" என்று சொன்னதை நேரத்தோடு பதிவுசெய்திருந்த அவைக்குறிப்பு மற்றொன்று. சபாபதி நீந்திக் கரையேறி, தலையைத் துவட்டிக்கொண்டே திரும்பிப் பார்த்தார். கைப்பிடி உடைந்து, கம்பிகள் துருத்திக்கொண்டு, பதினான்கு தூண்களில் மூன்று சாய்ந்து நின்ற அந்தப் பாலம், தன் சாய்வோடும் துருவோடும் முழுமையாகப் போயிருந்தது. தூண்கள் நின்ற இடங்களில் பதினான்கு சிறு சுழிகள் மட்டும் ஆற்றில் சுழன்றுகொண்டிருந்தன.

நாணல்திட்டு ஆற்றின் இரண்டு கிளைகளுக்கு நடுவில் கிடக்கும் ஊர். முன்னூற்றுப் பதினோரு வீடுகள். அந்த ஊரிலேயே பத்தொன்பது ஆண்டுகள் கிராம சுகாதாரச் செவிலியராக இருந்து, அங்கே பிறந்த குழந்தைகளில் பாதியைத் தன் கையால் வாங்கி, ஒவ்வொன்றின் எடையையும் நேரத்தையும் பிறப்புப் பதிவேட்டில் எழுதிவைத்த தையல்நாயகிதான், கூட்டணியின் மிகச் சிறிய கட்சிக்குக் கடைசி நேரத்தில் ஒரு பெண் வேட்பாளர் தேவைப்பட்டதால் நிறுத்தப்பட்டு, இருநூற்றுப் பன்னிரண்டு வாக்கு வித்தியாசத்தில் வென்று சட்டமன்றத்துக்குப் போயிருந்தார். அங்கே அவருக்குக் கடைசி வரிசையில், தூணுக்குப் பின்னால், பேசத் தொடங்கி இரண்டு வாக்கியம் ஆன பிறகே உயிர்பெறும் ஒலிவாங்கியோடு ஓர் இருக்கை தரப்பட்டது. கூட்டத்தொடர் ஒன்றுக்கு நான்கு நிமிடம் பேசலாம். முதல் நிமிடம் தலைவர்களுக்கு நன்றி சொல்வதிலும், கடைசி நிமிடம் பேரவைத் தலைவரின் மணியோசையிலும் போய்விடும் என்பதால், நடுவில் இருந்த இரண்டு நிமிடங்களுக்காக அவர் மாதக்கணக்கில் தயாரித்தார். அளவுகளும் தேதிகளும் இல்லாமல் அவர் ஒரு வாக்கியமும் பேசியதில்லை.

பாலம் போனதை ஊர் அழுது எதிர்கொள்ளவில்லை. பரிசீலனைக்குப் போயிருக்கிறது என்றார்கள், கண் அறுவைக்காகச் சென்னைக்குப் போயிருக்கும் சித்தப்பாவைப் பற்றிச் சொல்வதுபோல. முதல் மாதம் அதற்காகக் காத்திருந்தார்கள். இரண்டாவது மாதம் மேலத்தெருப் பவளக்கொடியின் கணவன் மதியழகன், தன் மீன்படகில் இரண்டு பலகைகளைக் குறுக்கே அடித்து ஆட்களை ஏற்றத் தொடங்கினான். மூன்றாவது மாதம் அடிக்கப்பட்ட திருமணப் பத்திரிகைகளில், "பாலம் பரிசீலனையில் இருப்பதால் உறவினர்கள் படகுத்துறை வழியாக வருக" என்று அச்சிடும் வழக்கம் வந்துவிட்டது. ஆற்றங்கரையில் இட்லிக்கடை வைத்திருந்த அஞ்சம்மாள் மட்டும், தையல்நாயகி ஊருக்கு வந்திருந்தபோது, தட்டில் இட்லியை வைத்தபடியே கேட்டாள்:

"ஏன் நர்சம்மா, கைப்பிடிய மட்டும் கேட்டிருந்தா கைப்பிடியோட போயிருக்குமில்ல? முழுப் பாலத்தையும் எதுக்குக் கேட்டீங்க?"

"பழுதுபாக்கத்தான் அஞ்சம்மா கேட்டேன்."

"அவங்களும் பழுதுபாக்கத்தான் எடுத்துட்டுப் போயிருப்பாங்க. பெரிய எடம். நேரமாகும்ல."

இரண்டாம் ஆண்டில் ஊர்ப் பெண்கள் அறுபது பேர் கையெழுத்திட்டு, படகுத்துறையில் இருந்த மதுக்கடையை மூடவேண்டும் என்று மனுக் கொடுத்தார்கள். போகவேண்டியது போகட்டும் என்ற தந்திரம் அதில் இருந்தது. தையல்நாயகி அதைப் பேசினார். கடையை மூடுவது அரசின் பரிசீலனையில் உள்ளது என்று பதில் வந்தது. கடை அப்படியே இருந்தது, மூடுவதுதான் போயிருந்தது. இரும்புக் கதவும் பூட்டும் மறைந்தன. விற்பனையாளர் தார்ப்பாய் கட்டினால் காற்று கொண்டுபோனது, மூங்கில் தட்டி வைத்தால் ஆடு தின்றது, பலகை அடித்தால் ஆணி இறங்கவில்லை. அதன் பிறகு அந்தக் கடை மூடப்படவே இல்லை. பெண்கள் அறுபது பேரும், ஒரு சொல்லை எந்தப் பக்கமாகப் பிடிக்கவேண்டும் என்று தெரியாமல் போனதைத் தங்கள் தவறாகவே எடுத்துக்கொண்டார்கள்.

போனவற்றில் ஒன்றே ஒன்றுதான் திரும்பி வந்தது. மேலத்தெருக் கைபம்பு போய் ஐந்து மாதம் ஆன நிலையில், தையல்நாயகி அதை மீண்டும் எழுப்பியபோது, தூக்கமில்லாத ஓர் அமைச்சர் வேறொரு கேள்விக்கான தாளைத் தவறுதலாக எடுத்து, "இக்கோரிக்கையை ஏற்க இயலாது" என்று வாசித்துவிட்டார். அன்று பிற்பகலே கைபம்பு தன் பழைய இடத்தில், உடைந்த பிடியோடு, சொட்டும் வாயோடு நின்றது. ஊரார் அதற்கு மஞ்சள் பூசி மாலை போட்டார்கள். தையல்நாயகி மாலை போடவில்லை. தன் நாட்குறிப்பில் தேதியையும் நேரத்தையும் எழுதி, பக்கத்தில் "மறுத்தால் வரும்" என்று இரண்டு சொற்களைக் குறித்துக்கொண்டார்.

மூன்றாம் ஆண்டில், அவர் பத்தொன்பது ஆண்டுகள் வேலைபார்த்த துணை சுகாதார நிலையம் போனது. அதற்குச் செவிலியர் நியமிக்கவேண்டும் என்றுதான் அவர் கேட்டார். அமைச்சர் தாராளமனம் படைத்தவர், நிலையத்தையே பரிசீலிப்பதாகச் சொன்னார். சுவரும் கூரையும் கட்டிலும் தராசும் போய், ஊராட்சிக்குச் சொந்தமான ஒரே ஒரு மர நாற்காலி மட்டும் வெட்டவெளியில் தனியாக நின்றது. அதன் பிறகு ஊரார் ஐந்து பேர் தலைநகருக்கு ரயிலேறி வந்து, சட்டமன்ற உறுப்பினர் விடுதியில் தையல்நாயகியின் அறையில், செருப்பை வாசலில் கழற்றிவிட்டு உட்கார்ந்தார்கள். சபாபதிதான் பேசினார்.

"உங்களக் குறை சொல்ல வரல நர்சம்மா. நீங்க நல்லதுக்குத்தான் பேசுறீங்க. ஆனா இனிமே எங்க ஊர் பேர அங்க சொல்லாதீங்க. பள்ளிக்கூடம் ஒண்ணு மிச்சமிருக்கு, தண்ணித்தொட்டி இருக்கு, சுடுகாடு இருக்கு. இருக்கிறது இருக்கட்டும்."

"பேசத்தானே சபாபதி என்னை அனுப்பினீங்க?"

"அனுப்பினோம். இப்பப் பேசாம இருக்கச் சொல்றோம். அதுவும் தொகுதி மக்கள் கோரிக்கைதானம்மா" என்று அவர் கைகூப்பினார். தையல்நாயகி வாக்குக் கொடுத்தார்.

அந்த வாக்கை அவர் ஏழு மாதம் காப்பாற்றினார். தை மாதம் ஊருக்குப் போனபோது, பவளக்கொடி ஆறு மாதக் கர்ப்பமாக, வீங்கிய கால்களோடு, அந்த மர நாற்காலியில் வந்து உட்கார்ந்தாள். பார்ப்பதற்கு யாரும் இல்லாவிட்டாலும் கர்ப்பிணிகள் செவ்வாய்க்கிழமைகளில் அங்கே வந்து உட்கார்ந்துவிட்டுப் போகும் பழக்கம் ஊரில் இருந்தது. தையல்நாயகி தன் பழைய பையிலிருந்து கருவியை எடுத்து இரத்த அழுத்தம் பார்த்தார். நூற்றைம்பதுக்கு நூறு. பத்து நிமிடம் பொறுத்து மீண்டும் பார்த்தார். அதே நூற்றைம்பதுக்கு நூறு. மருத்துவமனை ஆற்றுக்கு அந்தப் பக்கம், படகுக்குக் காத்திருந்து கடக்க ஒரு மணி நேரம், அதற்கு மேல் பேருந்தில் ஒன்றரை மணி நேரம். வலி வந்த பிறகு புறப்பட்டால் போய்ச்சேர முடியாது என்பதை அவர் அவளிடம் சொல்லவில்லை, மதியழகனிடம் சொன்னார்.

அந்த மாதக் கடைசியில், ஆளுநர் உரை மீதான விவாதத்தில், அவருடைய நான்கு நிமிடங்கள் வந்தன. ஊரின் பெயரைச் சொல்லவில்லை. ஒன்றியத்தின் பெயரையும் ஆற்றின் பெயரையும் சொல்லவில்லை. நூற்றைம்பதுக்கு நூறு இருக்கும் ஒரு கர்ப்பிணி, பாலமும் செவிலியரும் இல்லாத ஓர் இடத்தில் எப்படிப் பிழைப்பாள் என்று கேட்டார். எந்தப் பெண், கற்பனைப் பெண்ணா, என்று யாரோ முன்வரிசையிலிருந்து கேலியாகக் கேட்க, அவை சிரித்தது. ஒரு கணக்கைப் பொய் என்று சொன்னால் தாங்கமுடியாத தையல்நாயகி, அந்த ஒரு விநாடியில், "கற்பனை இல்லை, அவள் பெயர் பவளக்கொடி" என்றார்.

சொன்னவுடனே தன் வாயைப் பொத்திக்கொண்டார். அமைச்சர் அதற்குள் எழுந்துவிட்டார். முகத்தில் உண்மையான கனிவு இருந்தது.

"மாண்புமிகு உறுப்பினர் குறிப்பிட்ட சகோதரி பவளக்கொடி அவர்கள்..."

"வேண்டாம்!" என்று கடைசி வரிசையிலிருந்து ஒரு குரல் அலறியது. குறுக்கீடு என்பதால் அது அவைக்குறிப்பிலிருந்து நீக்கப்பட்டது.

"...அரசின் பரிசீலனையில் உள்ளார் என்பதைத் தெரிவித்துக்கொள்கிறேன்."

மேசைகள் தட்டப்பட்டன. நாணல்திட்டில், திரும்பி வந்த கைபம்படியில், பவளக்கொடி வைத்த குடம் நிறைந்து, வழிந்து, அடிப்பாரின்றித் தானே இறங்கிய பிடியின் கடைசி நீரையும் வாங்கிக்கொண்டு, தனியாக நின்றது.

*

மதியழகன் படகைக் கட்டிப்போட்டுவிட்டு, இரண்டு பேருந்தும் ஒரு ரயிலும் மாறி வந்தான். விடுதி அறையில் உட்காரவில்லை. கத்தவும் இல்லை. கத்தியிருந்தால் தையல்நாயகிக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

"அவ இப்ப எங்க இருக்கா நர்சம்மா?"

"பரிசீலனையில."

"அங்க டாக்டர் இருக்காங்களா?"

தையல்நாயகி அவனுக்காக ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டார்.

"இல்ல, பெரிய எடமாச்சே. இருப்பாங்கன்னு நினைச்சேன்" என்றான் அவன். "சித்திரை ரெண்டாம் வாரம்னு நீங்கதான் தேதி சொன்னீங்க. அதுக்குள்ள வந்துடுவாளா?"

அந்தத் தேதியைத் தையல்நாயகி மறந்திருக்கவில்லை. மறுக்கப்பட்டது எதுவோ அதுதான் திரும்பும். பெயர் சொல்லிப் போனது பெயர் சொல்லித்தான் வரும். பவளக்கொடி அங்கேயே பெற்றுவிட்டால், பெயரே இல்லாத அந்தப் பிள்ளையை எந்தச் சொல்லால் மறுத்து மீட்பது? ஆக, சித்திரை இரண்டாம் வாரத்துக்குள் அரசிடமிருந்து அவருக்கு ஒரே ஒரு 'முடியாது' வேண்டும்.

இது எவ்வளவு அரிய பொருள் என்பது தேடும்போதுதான் தெரிந்தது. அவர் அமைச்சரின் அறை வாசலில் ஆறு நாள் காத்திருந்தார். ஏழாவது நாள் அமைச்சர் அவரை உள்ளே அழைத்து, தேநீர் வரவழைத்துக் கொடுத்தார்.

"ஐயா, நான் ஒரு மனுக் கொண்டுவந்திருக்கேன். இதை நீங்க மறுக்கணும்."

"உங்க மனுவ நான் எப்பம்மா மறுத்திருக்கேன்?" என்றார் அவர் சற்றே மனம் புண்பட்டு.

"அதனாலதான் ஐயா. ஒரே ஒரு தடவை. முடியாதுன்னு எழுதிக் கையெழுத்துப் போடுங்க. வெளியில காட்டமாட்டேன்."

"அடுத்த வருசம் தேர்தல். இந்த நாற்காலியில உட்கார்ந்து பதினோரு வருசத்துல நான் யாரையும் முடியாதுன்னு அனுப்பினதில்ல. அப்பிடி ஒரு கெட்ட பேரு எனக்கு எதுக்கு?" அவர் உதவியாளரைப் பார்த்தார். "அம்மா மனச விட்டுட்டாங்க பாருங்க. இந்தப் பவளக்கொடி விஷயத்த இன்னையிலேர்ந்து தீவிரப் பரிசீலனையில வையுங்க."

தையல்நாயகி காதுகளைப் பொத்திக்கொண்டது பலிக்கவில்லை. அன்று மாலை மதியழகன் தொலைபேசியில் அழைத்தான். கொடியில் காய்ந்த அவளுடைய இரண்டு புடவைகள் போய்விட்டன என்றான். செருப்பு போய்விட்டது. குடும்ப அட்டையில் அவள் பெயர் இருந்த வரி, அழித்த தடமும் இல்லாமல் வெறுமையாக இருக்கிறது. கல்யாணப் புகைப்படத்தில் தன் பக்கத்தில் மாலை மட்டும் தொங்குகிறது. "எனக்கு அவ மொகம் ஞாபகம் இருக்கு நர்சம்மா," என்றான். பிறகு "இன்னைக்கு இருக்கு" என்றான்.

ஊர் தன் வழியில் உதவியது. பவளக்கொடியின் பெயரை மறந்துவிடக் கூடாது என்பதற்காக, அஞ்சம்மாள் இட்லித்தட்டு வைக்கும்போதெல்லாம் சாப்பிடுகிறவர்கள் அவளைப் பற்றி ஒரு விவரம் சொல்லவேண்டும் என்று விதி செய்தாள். இடது புருவத்தில் வெட்டுத் தழும்பு என்றார் ஒருவர். சிரிக்கும்போது மூக்கைச் சுருக்குவாள் என்றார் இன்னொருவர். சொல்லாதவர்களுக்குச் சட்னி கிடையாது. வாரம் ஆக ஆக ஒரே விவரத்தைப் பலர் திருப்பிச் சொன்னார்கள். அஞ்சம்மாள் அதையும் ஏற்றுக்கொண்டாள்.

*

வழியைக் காட்டியவர் பேரவைச் செயலகத்தில் தீர்மானங்களுக்கான பிரிவின் அலுவலர் நாகேஸ்வரி. ஓய்வுக்கு எட்டு மாதம் இருந்த, சொற்களை நகைக்கடைத் தராசில் வைத்துப் பார்க்கும் பெண்மணி. தையல்நாயகி சொன்ன அனைத்தையும் கேட்டு, வியப்போ மறுப்போ காட்டாமல், கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டார்.

"ஒரு மனுஷர்கிட்ட முடியாதுன்னு வாங்குறது இங்க நடக்காதும்மா. ஆனா அவை மொத்தமும் சேர்ந்து இல்லைன்னு சொல்ற எடம் ஒண்ணு இருக்கு. வெட்டுத் தீர்மானம்."

அது தையல்நாயகிக்குத் தெரிந்ததுதான். ஒரு துறைக்குப் பணம் ஒதுக்கும்போது, இன்ன குறை இருப்பதால் நூறு ரூபாயைக் குறைக்கவேண்டும் என்று எதிர்க்கட்சிக்காரர்கள் கொடுக்கும் தீர்மானம். நூறு ரூபாய் ஒரு சாக்கு. குறையைப் பதிவுசெய்வதே நோக்கம். கடைசியில் பேரவைத் தலைவர் குரல் வாக்கெடுப்புக்கு விடுவார். ஆளும் வரிசைகள், தீர்மானத்தில் என்ன இருக்கிறது என்று பார்க்காமலேயே, 'இல்லை' என்று ஒரே குரலில் முழங்கும். அந்த அவையின் வரலாற்றில் ஒரு வெட்டுத் தீர்மானமும் வென்றதில்லை.

"கூட்டணிக் கட்சி உறுப்பினர் கொடுக்கலாமா?"

"விதியில தடை இல்ல. கட்சியிலேர்ந்து தூக்கிருவாங்க, அவ்வளவுதான்" என்றார் நாகேஸ்வரி. "ஒரு தீர்மானத்துக்கு ஒரு பொருள்தான். பாலத்தையும் சேர்க்க முடியாது. சுகாதாரத் துறை மானியக் கோரிக்கை சித்திரை மூணாம் தேதி வருது."

தையல்நாயகி பாலத்தையும் நிலையத்தையும் ஒரு கணம் நினைத்தார். பிறகு படிவத்தை எடுத்து, "பவளக்கொடி என்பவரை மீட்டுத் தரவேண்டியதன் தேவை குறித்து" என்று எழுதினார். நாகேஸ்வரி அதை வாசித்துவிட்டு, பேனாவால் தொடாமல் மேசைமேல் வைத்தார்.

"இதுக்கு இல்லைன்னு சொன்னா எந்த இல்லை?"

"மறுக்கிற இல்லை."

"நம்ம மொழியில ரெண்டுக்கும் ஒரே சொல்தானேம்மா. வேண்டாம்னு சொல்றதும் இல்லைதான். அப்படி ஒரு ஆளே கெடையாதுன்னு சொல்றதும் இல்லைதான். நூத்தம்பது பேர் சேர்ந்து ஒரு பொண்ணு பேரச் சொல்லி இல்லைன்னா, அவ திரும்பி வருவாளா, இல்லாமலே போயிடுவாளா? உங்க கைபம்புக்குச் சொன்னது 'இயலாது'. இது வேற சொல்."

அந்த அறையில் மின்விசிறி சுற்றிக்கொண்டிருந்தது. தையல்நாயகி படிவத்தைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். இருவரும் மதிய உணவைத் திறக்காமல், ஒரு தாளில் எழுதி, அடித்து, மறுபடி எழுதினார்கள். முடிவில் எஞ்சிய வாக்கியம் சிறியது: "பவளக்கொடி நாணல்திட்டில் இல்லை என்பது குறித்து."

"இதுக்கு அவங்க இல்லைன்னா," என்று நாகேஸ்வரி மெதுவாகச் சொல்லிப்பார்த்தார், "இல்லைங்கிறது இல்லைன்னு ஆகுது. அப்ப அவ இருந்தாகணும்."

"அப்படித்தான் கேட்குமா?"

"யாருக்கு?"

தையல்நாயகி கையெழுத்திட்டார். நாகேஸ்வரி எண் கொடுத்தார்: முப்பத்தொன்று.

*

தீர்மானத்தைத் திரும்பப் பெறச் சொல்லிக் கொறடா மூன்று முறை அழைத்தார். முதல் முறை சகோதரி என்றார், இரண்டாவது முறை அம்மா என்றார், மூன்றாவது முறை மரியாதைச் சொல் எதுவும் இல்லை. சித்திரை மூன்றாம் தேதி காலை மதியழகனும் அழைத்தான். "கைபம்படியில நிக்கிறேன் நர்சம்மா. ஊரே நிக்குது. குடத்த எடுக்கவே இல்ல, அப்படியே வச்சிருக்கோம்" என்றான். அவன் குரலில் இருந்த நம்பிக்கைதான் அவரை மிகவும் அச்சுறுத்தியது.

விவாதம் மாலைவரை நீண்டது. அமைச்சர் நூற்றிருபது அறிவிப்புகளை வாசித்தார். அவற்றில் எண்பத்தேழு பரிசீலனைகள். ஒவ்வொன்றுக்கும் எங்கோ ஓர் ஊரில் எது மறைகிறதோ என்று தையல்நாயகி விரல்விட்டு எண்ணிக்கொண்டிருந்தார். பிறகு பேரவைத் தலைவர் வெட்டுத் தீர்மானங்களுக்கு வந்தார். எதிர்க்கட்சியினர் அதற்கு முன்பே வெளிநடப்புச் செய்துவிட்டதால் முப்பது தீர்மானங்கள் தாமாகவே விழுந்தன.

"எண் முப்பத்தொன்று. உறுப்பினர் திரும்பப் பெற்றுக்கொள்கிறாரா?"

"இல்லை, மாண்புமிகு பேரவைத் தலைவர் அவர்களே."

அவை திரும்பிப் பார்த்தது. தூணுக்குப் பின்னால் ஒரு முகம் இருப்பதைப் பலர் அன்றுதான் கண்டார்கள்.

"சரி. தீர்மானம் வாசிக்கப்பட்டதாகக் கொள்ளப்படுகிறது."

வாசிக்கப்பட்டதாகக் கொண்டால், அவர்கள் 'இல்லை' என்பது ஓர் எண்ணுக்கு. முப்பத்தொன்று என்ற எண் திரும்பி வந்து என்ன பயன்? தையல்நாயகி எழுந்தார். ஒலிவாங்கி உயிர்பெறவில்லை. மணி அடிக்கத் தொடங்கியது. உட்காருங்கம்மா, ரயிலுக்கு நேரமாச்சு என்று யாரோ சிரித்தார்கள். மணியின் மேல், சிரிப்பின் மேல், பிரசவ வலியில் கத்தும் பெண்களுக்கு மேலாகக் கேட்கும்படி 'முக்கு, இன்னும் முக்கு' என்று பழகிய அந்தப் பழைய குரலில் அவர் வாசித்தார்:

"பவளக்கொடி நாணல்திட்டில் இல்லை!"

மணி நின்றது. பேரவைத் தலைவர் களைப்போடு சொன்னார்: "தீர்மானத்தை ஏற்போர் 'ஆம்' என்க."

யாரும் சொல்லவில்லை. கொண்டுவந்தவரும் சொல்லவில்லை. "உறுப்பினர் தம் தீர்மானத்தையே ஆதரிக்கவில்லையா?" என்று பேரவைத் தலைவர் கேட்க, மேசைகள் தட்டப்பட்டன.

"மறுப்போர் 'இல்லை' என்க."

அவை முழங்கியது. எந்தப் பெண் என்று தெரியாத, எந்த ஊர் என்று கேட்காத, ரயிலையும் இரவுச் சாப்பாட்டையும் நினைத்துக்கொண்டிருந்த நூற்றைம்பது குரல்கள், வழக்கத்தின் பலத்தினாலேயே ஒன்றாகி, 'இல்லை' என்றன. அவை எல்லாவற்றிலும் உரத்த 'இல்லை', தன் தீர்மானத்துக்கு எதிராகத் தானே சொன்ன தையல்நாயகியுடையது.

அவர் தொலைபேசியைக் காதில் வைத்துக்கொண்டு நடைவழிக்கு ஓடினார். மறுமுனையில் முதலில் ஒன்றும் இல்லை. காற்று. ஆட்களின் மூச்சு. பிறகு ஒரு குடம் தண்ணீரோடு சரிந்து உருளும் ஓசை.

*

கட்சி அவரை அன்று இரவே நீக்கியது. மறுநாள் நண்பகல் அவர் படகில் நாணல்திட்டை அடைந்தபோது, பவளக்கொடி வெட்டவெளியில் இருந்த மர நாற்காலியில், போகும்போது உடுத்தியிருந்த அதே புடவையில், நிறைமாத வயிற்றோடு உட்கார்ந்திருந்தாள். இரத்த அழுத்தம் நூற்றெழுபதுக்கு நூற்றுப்பத்து. ஆற்றுக்கு அப்பால் கொண்டுபோக நேரமில்லை, வலி தொடங்கிவிட்டது. பெண்கள் தங்கள் புடவைகளைக் கம்புகளில் கட்டிச் சுவர்கள் செய்தார்கள், முன்பு சுவர் இருந்த அதே கோட்டில்.

"அங்க எப்படிடி இருந்த?" என்று வலிக்கும் வலிக்கும் இடையே அஞ்சம்மாள் கேட்டாள்.

"எல்லாரும் நல்லா பேசுறாங்கக்கா. உட்காருங்க, உட்காருங்கன்னுதான் சொல்றாங்க. நாற்காலிதான் இல்ல" என்றாள் பவளக்கொடி. "நம்ம பாலம் அங்கதான் நிக்குது. அதுக்கு மேல வேற வேற ஊர்க்காரங்க வரிசையா நிக்கிறாங்க. வரிசை நகரவே இல்ல."

சூரியன் சாய்வதற்குள் பெண் குழந்தை பிறந்தது. இரண்டு கிலோ நூறு கிராம் இருக்கும் என்று தையல்நாயகி கையாலேயே எடைபோட்டார். பவளக்கொடிக்கு ஒருமுறை வலிப்பு வந்து நின்றது, பார்வை மங்கியது, மூன்றாம் நாள் பாதிப் பார்வை திரும்பியது, மீதி திரும்பவில்லை. தன் பையில் எப்போதும் வைத்திருந்த பிறப்புப் பதிவு நோட்டைத் தையல்நாயகி எடுத்தார். பேனாவைத் திறந்தார். பத்தொன்பது ஆண்டுகள் ஒரு பிறப்பையும் எழுதாமல் விட்டதில்லை. அவர் அந்தப் பக்கத்தில் எதுவும் எழுதாமல் பேனாவை மூடினார்.

பத்தொன்பதாம் நாள் முற்பகல், வெள்ளைச் சட்டை அணிந்த ஓர் அலுவலர் மதியழகனின் படகிலேயே வந்து இறங்கினார். நல்ல மனிதர். வெயிலில் வியர்த்திருந்த அவருக்கு அஞ்சம்மாள் மோர் கொடுத்தாள். அவர் ஒரு படிவத்தை விரித்தார்.

"அமைச்சருக்கு இந்தப் பவளக்கொடி விஷயம் மனச விட்டுப் போகலை. குழந்தை பிறந்திருக்குன்னு கேள்விப்பட்டார். நாளைக்கு அவையில சிறப்பு உதவி ஒண்ணு அறிவிக்கப்போறார். குழந்தையோட பேரு மட்டும் சொன்னீங்கன்னா எழுதிட்டுப் போயிடுவேன்."

சபாபதி தன் நின்றுபோன கைக்கடிகாரத்தைப் பார்த்தார். பெண்கள் அறுபது பேரும், படகிலிருந்து இறங்காத மதியழகனும், கூட்டத்தின் கடைசி வரிசையில் ஒரு வேப்பமரத்துக்குப் பின்னால் நின்ற தையல்நாயகியும் அலுவலரைப் பார்த்தார்கள்.

"சொல்லுங்க, கூச்சப்படாதீங்க. நல்லதுக்குத்தான் கேட்கிறேன். இந்த ஊர்ல பவளக்கொடின்னு ஒருத்தருக்குக் குழந்தை பிறந்திருக்கு, ஆமா தானே?"

'ஆம்' என்று ஒருவரும் சொல்லவில்லை.

அப்போது, மூன்று வீடு தள்ளி, சாத்திய கதவுக்குப் பின்னால், பசியெடுத்த ஒரு குழந்தை நாணல்திட்டு முழுவதும் கேட்கும்படி வீறிட்டு அழுதது. அலுவலர் திரும்பிப் பார்த்தார். அந்த அழுகையை மூடிவிடும்படி, முன்னூற்றுப் பதினோரு வீடுகளும் ஒரே மூச்சில், ஒரே குரலில் சொன்னன:

"இல்லை."